பல்லில் பூச்சி உண்டா?

சின்ன வயதில் கடைவாய்ப் பல் வலித்தபோது பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு வைத்தியம் செய்தார். கண்டங்கத்திரி விதையைத் தணலில் தூவி, கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, அதன் கண் வழியே வந்த புகையை வாய்க்குள் பிடிக்கச் சொன்னார். இருமிக்கொண்டே தண்ணீர்க் கிண்ணத்தில் துப்பினேன். வெள்ளையாக, இழை போல ஏதோ மிதந்தது. "பார்த்தியா, பூச்சி விழுந்திருச்சு" என்றார். நானும் நம்பினேன்.

இது பழைய நம்பிக்கை. பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் ஒரு புழு, அத்திப்பழமெல்லாம் வேண்டாம், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குடியிருக்க இடம் கொடு என்று ஏயா தெய்வத்திடம் கேட்கிறது. ஐரோப்பாவில் ஹென்பேன் செடியின் விதையைப் புகைத்தார்கள். சூட்டில் விதையிலிருந்து பிதுங்கிய முளைக்கருவைத்தான் புழு என்று காட்டினார்கள். கண்டங்கத்திரியும் ஹென்பேனும் ஒரே கத்தரிக் குடும்பம். ஆச்சியின் பூச்சி மீது எனக்கு இப்போது சந்தேகம்தான்.

1728-இல் பிரெஞ்சு பல் மருத்துவர் பியேர் ஃபொஷார், புழுக்கதையை ஏற்க மறுத்தார். ஆனால் வாயில் உயிரே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன்பே, 1683-இல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் நுண்ணோக்கிகள் செய்துவந்த லேவன்ஹூக் தன் பல்லிடுக்கில் ஒட்டியிருந்த மாவு போன்ற அழுக்கைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருந்தார். தினமும் உப்புப் போட்டுத் தேய்த்த பல்தான். அதிலும் துள்ளித் திரியும் நுண்ணுயிர்கள்!

அவை என்ன செய்கின்றன என்பதைப் பெர்லினில் இருந்த அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர் 1890-இல் விளக்கினார். பிடுங்கிய பல்லை ரொட்டியும் எச்சிலும் கலந்து ஊறவைத்தால் பல் இளகியது. இறைச்சிக் கொழுப்போடு வைத்தால் ஒன்றும் ஆகவில்லை. ஆக, கிருமி பல்லைத் தின்பதில்லை. நம் சர்க்கரையையும் மாவையும் தின்று அமிலத்தைக் கழிக்கிறது. அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது.

பல்லின் மேலோடான எனாமலில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். நம் உடலிலேயே கெட்டியானது அதுதான். ஆனாலும் வாயின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5.5-க்குக் கீழே இறங்கினால் அதிலிருந்து கால்சியம் கசியத் தொடங்கும். அப்புறம் எச்சில் வந்து அமிலத்தைத் தணித்து, கால்சியத்தைத் திரும்பப் பூசும். இதற்கு அரை மணி நேரம், சில சமயம் இன்னும் கூடுதலாக ஆகும். அதனால் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். ஒரே மூச்சில் நாலு லட்டு தின்றவரைவிட, சர்க்கரை போட்ட காபியை நாள் முழுக்க உறிஞ்சுகிறவர் பாடு மோசம். எச்சிலுக்கு அவகாசமே கிடைப்பதில்லை.

எனாமலுக்கு நரம்பில்லை, வலிக்காது. முதலில் தெரிவது சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைப் புள்ளி மட்டுமே. பல்லைத் துடைத்துக் காயவிட்டால் தெளிவாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடு பேஸ்ட்டும் எச்சிலும் சேர்ந்து அதை மீட்கலாம். உள்ளே இருக்கும் டென்டின் இன்னும் மென்மையானது. அமிலம் அங்கே எட்டிவிட்டால், மேலே குண்டூசி அளவு ஓட்டைதான் தெரியும், அடியில் குடைந்து குகையாகியிருக்கும். பல்லின் நடுவே நரம்பு இருக்கும் மென்மையான கூழ்ப் பகுதியை நெருங்கும்போதுதான் ராத்திரித் தூக்கம் போகும். என் கடைவாய்ப் பல்லும் அந்த நிலையில்தான் இருந்திருக்க வேண்டும். ஆச்சியின் புகை வைத்தியம் முடிந்த மறு மாதமே அதைப் பிடுங்கினார்கள்.