பாண்டிகுலேஷன்: மூரி நிமிர்தல்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு விடியற்காலையில் போனால், படகோரம் படுத்திருக்கும் நாய் எழுவதைப் பார்க்கலாம். முன்னங்கால்கள் இரண்டையும் மணலில் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கும். கால்விரல்கள் விரியும். அப்புறம் உடம்பை முன்னே தள்ளி, பின்னங்கால்களை ஒவ்வொன்றாக இழுத்து நீட்டும். ஒரு கொட்டாவி, ஓர் உதறல், பிறகு நடை. இப்படித் தசையை இறுக்கி நீட்டித் தளர்த்துவதற்கு மருத்துவத்தில் பெயர் பாண்டிகுலேஷன்.

கடலூர்க்காரர்கள் காதில் இது பாண்டிச்சேரிச் சொல் போல விழும். உறவு ஏதுமில்லை. இலத்தீனில் 'பாண்டெரே' என்றால் விரித்தல், பரப்புதல். அதிலிருந்து வந்த 'பாண்டிகுலாரி' என்றால் உடம்பை நீட்டி நிமிர்தல். விரிவாக்கத்தைக் குறிக்கும் 'எக்ஸ்பேன்ஷன்' என்பதும் அதே வேரில் முளைத்ததுதான்.

இந்தச் சொல்லை வலி நீக்கும் பயிற்சிக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் ஹன்னா (1928–1990). உடலசைவைக் கவனித்துச் செய்யும் முறையை உருவாக்கிய மோஷே ஃபெல்டன்கிரைசிடம் (1904–1984) பயின்றவர். நாள் முழுக்க ஒரே நிலையில் இருந்தால் தசை இறுகியே கிடக்கிறது, இறுக்கிப் பிடித்திருப்பதையே மூளை உணராமல் போய்விடுகிறது என்பது ஹன்னாவின் கருத்து. நம் ஊரில் இதைப் 'பிடிப்பு' என்கிறோம். பொருத்தமான சொல். பிடித்துக்கொண்டிருப்பது நாம்தான், விடத் தெரியவில்லை.

என் பெரியம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோல் உரிக்கப் போகிறவர். குனிந்த தலை மாலைதான் நிமிரும். எழும்போது இடுப்பில் இரு கையையும் ஊன்றி, முதுகைப் பின்னால் வளைத்து, கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விடுவார். "வெளக்கு வெக்கிற நேரத்துல என்னாடி சோம்பல் முறிக்கிற" என்று பாட்டி அதட்டுவார். எட்டு மணி நேரம் உழைத்த உடம்புக்கு அந்தப் பேச்சு. இன்று நினைத்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

'சோம்பல் முறித்தல்' தவறான சொல் இல்லை. நஞ்சுமுறிவு என்பதில் உள்ள அதே 'முறி'தான் இது. சோம்பலைப் போக்குவது என்றுதான் பொருள். ஆனால் கேட்பவர் காதில் முதல் சொல் மட்டுமே நிற்கிறது. கைக்குழந்தை முகம் சிவக்க முறுக்கினால் "வளருது" என்று சந்தோஷப்படுகிறோம், வளர்ந்தவர் செய்தால் சோம்பேறிப் பட்டம். சித்த மருத்துவமோ அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில், அதாவது உடம்பின் இயல்பான உந்துதல்களில், கொட்டாவியையும் சேர்த்திருக்கிறது.

சரி, வேறு சொல் உண்டா? உண்டு. மார்கழி 23ஆம் நாள் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலிலும் ஒலிக்கும் திருப்பாவைப் பாசுரத்தில், மழைக்காலத்தில் மலைக்குகையில் உறங்கிய சிங்கம் விழித்தெழுகிறது: 'எப்பாடும் பேர்ந்து உதறி மூரி நிமிர்ந்து முழங்கிப் புறப்பட்டு'. எல்லாப் பக்கமும் அசைந்து, உதறி, உடம்பை நீட்டி நிமிர்ந்து, அப்புறம்தான் முழக்கம். ஆண்டாள் ஏதோ ஒரு விலங்கு எழுவதைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. 'மூரி' என்பதற்கு வலிமை, பெருமை, எருது என்றெல்லாம் அகராதிகள் பொருள் தருகின்றன. சோம்பல் இருந்த இடத்தில் வலிமை வந்து உட்காருகிறது. பாண்டிகுலேஷனுக்கு மூரி நிமிர்தல், பெயராக வேண்டுமென்றால் மூரி நிமிர்வு. இதைவிட நல்ல சொல்லை நான் பார்க்கவில்லை.

'உடல் நீட்டல்' என்று சிலர் எழுதுவது போதாது. அது ஸ்ட்ரெட்ச்சிங்குக்கு உரியது. தசைக்குள் நீட்சியை உணரும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால், தண்டுவடத்தின் வழியாகத் தசைக்குச் 'சுருங்கு' என்ற உத்தரவு வந்துவிடும். மருத்துவர் முழங்காலில் தட்டும்போது கால் துள்ளுவது இதனால்தான். மூரி நிமிர்தலில் யாரும் தசையை வெளியிலிருந்து இழுப்பதில்லை. நாமே அதை மெல்ல இறுக்கி, இறுக்கத்தை உணர்ந்து, இறுக்கியதைவிட மெதுவாக விடுகிறோம்.

பெரியம்மாவுக்கு நான் காட்டியது இதுதான். பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ள வேண்டும். மூச்சை இழுத்தபடி கீழ்முதுகைப் பாயிலிருந்து சற்றே வளைத்து உயர்த்த வேண்டும், பாதி பலம் போதும். பிறகு மூச்சை விட்டபடி, முதுகு சிறிது சிறிதாகப் பாயில் படிவதைக் கவனித்துக்கொண்டே இறக்க வேண்டும். முழுக்கத் தளர்ந்து கிடந்து, மறுபடி மூன்று நான்கு முறை. வலி கூடினால் நிறுத்திவிட வேண்டும். கால் மரத்துப்போனாலோ வலி காலுக்கு இறங்கினாலோ மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

முதல் நாள் எழுந்து உட்கார்ந்தவர், "இத்தினி நாளா இடுப்ப இப்புடியா புடிச்சி வெச்சிருந்தேன்" என்றார்.