நான்கு மணி நேரமும் மூன்று நிமிடமும்

மாரத்தானை 4 மணி நேரத்துக்குள் முடிக்க ஆசைப்பட்டு மூன்று நிமிடத்தில் கோட்டைவிட்டவரிடம் பேசிப் பாருங்கள். 32-வது கிலோமீட்டர் வரை எல்லாம் கணக்குப்படியே போனது என்பார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். மனவலிமை போதவில்லை என்று சுற்றியிருப்பவர்கள் சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலும் இது எரிபொருள் விவகாரம்.

ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு 42.195 கி.மீ.க்கு 2,700 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். தசையும் கல்லீரலும் கிளைகோஜனாகச் சேமித்துள்ள மாவுச்சத்து தருவதோ சுமார் 2,000. மிச்சத்தைக் கொழுப்பு தர வேண்டும். ஒல்லியானவரிடம்கூடக் கொழுப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது நிதானமாகத்தான் எரியும், அதே ஆற்றலுக்கு ஆக்சிஜனும் கூடுதலாகக் கேட்கும். அதனால் வேகம் கூடக்கூட, உடல் கொழுப்பை ஒதுக்கிவிட்டுக் கிளைகோஜனில் கை வைக்கிறது. முதல் 10 கி.மீ.யில் உற்சாகமாக ஓடி ‘மிச்சம் பிடித்த’ இரண்டு நிமிடம் இப்படித்தான் கடனாகிறது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. கால் தசையில் இருப்புத் தீர்ந்தபோது கைத் தசையில் மீதமிருந்தாலும் அந்தக் கிளைகோஜன் உதவிக்கு வராது. அதைக் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விடுவதற்கான கடைசி நொதி கல்லீரலில் இருக்கிறது, தசையில் இல்லை. வழியில் விழுங்கும் ஜெல் (சர்க்கரைக் கூழ்) பொட்டலம் ஒன்று 100 கிலோகலோரி அளவில் கைகொடுக்கும். குடலோ மணிக்கு 60 கிராம் குளுக்கோஸுக்கு மேல் உள்வாங்கத் திணறும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் வேறு வழியாக நுழைவதால், இரண்டையும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம். பழக்காத வயிற்றில் இதைப் பந்தய நாளன்று சோதிப்பவர்கள் கழிப்பறையைத் தேடித்தான் வேகமாக ஓடுவார்கள்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. ஆவியாகாமல் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. இரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குத் திரும்புவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. கிளைகோஜனும் சீக்கிரம் கரைகிறது.

கைக்கடிகாரமும் ஏமாற்றும். 4 மணி நேரத்தில் முடிக்க கி.மீ.க்கு 5 நிமிடம் 41 விநாடி என்பது காகிதக் கணக்கு. பாதையை மிகக் குறுகிய கோட்டில் அளந்து, தூரம் குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியும் வைக்கிறார்கள். வளைவுகளை அகலமாகச் சுற்றி, தண்ணீர் மேசைப் பக்கம் ஒதுங்கி ஓடுபவர் 42.5 கி.மீ. ஓடிவிடுவார். அவருடைய கடிகாரம் 5:38 காட்டினால்தான் தப்பிப்பார்.

மனதுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. 97 லட்சத்துக்கும் மேற்பட்ட மாரத்தான் முடிவுகளை ஆராய்ந்து 2017-இல் பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வில், 4 மணி நேரத்துக்குச் சற்று முன்பு கூட்டம் குவிந்து, அதைத் தாண்டியதும் சட்டென்று மெலிந்திருந்தது. இலக்கை எட்டிப்பிடிக்கும் தொலைவில் இருந்தவர்கள் கடைசி 2.195 கி.மீ.யில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முடுக்கியிருந்தார்கள்.