கேம்களில் நெருப்பு: அசைந்தால் ஏன் சாயம் வெளுக்கிறது?

அசையாத நெருப்பை வரைவது பெரிய வித்தை இல்லை. மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும் நாலைந்து கொழுந்துகள், சுற்றிலும் இருட்டு, அங்கங்கே சில பொறிகள். பார்ப்பவர் நம்பிவிடுவார். அதே நெருப்பை ஒரு கேமுக்குள் வைத்து அசையவிடும்போதுதான் சாயம் வெளுக்கும். கல்லும் தண்ணீரும் கதாபாத்திரத்தின் தலைமுடியும் அசலாகத் தெரியும் கேமில்கூட, மூலையில் எரியும் தீப்பந்தம் மட்டும் ஒட்டாமல் தனியாக நிற்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கல்லுக்கும் முடிக்கும் பரப்பு உண்டு. அதில் ஒளி பட்டு எப்படித் திரும்புகிறது என்று கணக்கிட்டால் படம் கிடைத்துவிடும். நெருப்புக்கு அப்படிப் பரப்பு கிடையாது. சூடான வாயு மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது; அதில் இந்தக் கணத்தில் எந்தப் பகுதி ஒளிர்கிறதோ அதற்குப் பெயர்தான் கொழுந்து. அடுத்த கணம் அந்த வாயு மேலே போயிருக்கும், அதே இடத்தில் வேறு வாயு ஒளிர்ந்துகொண்டிருக்கும். கேமுக்கு நெருப்பு செய்பவர் உருவத்தைவிட ஓட்டத்தை வரையப் பழக வேண்டியிருப்பது இதனால்தான்.

முதலில் நிறத்தைப் பார்த்துவிடலாம். மெழுகுவர்த்திச் சுடரின் அடியில் மெல்லிய நீலம் தெரியும். எரிபொருளின் மூலக்கூறுகள் உடைந்து உருவாகும் கார்பன், ஹைட்ரஜன் துணுக்குகள் வேதிவினையின்போதே உமிழும் ஒளி அது. மேலே இருக்கும் மஞ்சள் வேறு சங்கதி. முழுதாக எரியாத கார்பன் நுண்ணிய கரித்துகள்களாகி, ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் ஒளிர்கிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஒளிர்வதும் இதே விதிப்படிதான். விறகு, எண்ணெய், பெட்ரோல் என்று கேம்களில் எரிபவை பெரும்பாலும் இந்த மஞ்சள் வகை.

ஓவியர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். சூடு ஏற ஏற நிறம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடவே பிரகாசம் எவ்வளவு ஏறுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. 1,000 கெல்வினில் இருக்கும் பொருளை 1,500 கெல்வினுக்குச் சூடாக்கினால், அது வெளிவிடும் மொத்த ஆற்றல் சுமார் 5 மடங்காகிறது. அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியும் ஆரஞ்சு ஒளியை மட்டும், அதாவது 600 நானோமீட்டர் அலைநீளத்தை, எந்தச் சூட்டில் எந்த நிற ஒளி எவ்வளவு வரும் என்று சொல்லும் பிளாங்க் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 3,000 மடங்கு! சிவப்பு ஓரத்தையும் மஞ்சள் நடுப்பகுதியையும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்தில் தீட்டினால் அது நெருப்பு நிறப் பெயின்ட்டாகத்தான் இருக்கும்.

அதனால் அனுபவசாலிகள் கொழுந்தை வண்ணத்தில் வரைவதே இல்லை. கறுப்பு வெள்ளையில் வரைகிறார்கள். வெள்ளை என்றால் சூடு அதிகம், சாம்பல் நிறம் என்றால் குறைவு. எந்தச் சாம்பலுக்கு எந்த நிறம், எவ்வளவு பிரகாசம் என்பதை ஒரு நிறப்பட்டை தீர்மானிக்கிறது. அந்தப் பட்டையில் ஓரத்தின் பிரகாச மதிப்பு 0.2 என்றால் நடுப்பகுதியின் மதிப்பு 20 ஆகக்கூட இருக்கலாம். திரை காட்டக்கூடியது 1 வரைதானே என்று கேட்கலாம். கேமை இயக்கும் மென்பொருளான எஞ்சின் உள்ளே கணக்கிடும்போது அந்த வரம்பு இல்லை. கடைசியில் திரைக்கு ஏற்றபடி சுருக்கும்போது நடுப்பகுதி தானாகவே வெளுத்து, சுற்றிலும் ஒளி கசியும். கேமரா நெருப்பைப் படமெடுக்கும்போதும் இதேதான் நடக்கிறது.

அடுத்து, கொழுந்தின் பின்னால் இருப்பது தெரிய வேண்டும். இதற்கு எளிய வழி, பின்னணியின் பிக்சல் மதிப்போடு நெருப்பின் மதிப்பைக் கூட்டிவிடுவது. இருட்டில் இது அற்புதமாக வேலை செய்யும். நண்பகல் வானத்தின் முன்னால் வைத்தால் கதை கந்தலாகிவிடும்: ஏற்கெனவே வெளிச்சமாக இருக்கும் வானத்தோடு எதைக் கூட்டினாலும் வெறும் வெள்ளைதான் மிஞ்சும். நிஜ நெருப்பில் கரித்துகள்கள் ஒளிர்வதோடு பின்னால் வரும் ஒளியைக் கொஞ்சம் மறைக்கவும் செய்கின்றன. கடும் வெயிலில் மெழுகுவர்த்திச் சுடருக்கு மங்கலான நிழல்கூட விழும். ஆகவே நெருப்பின் ஒரே படத்துண்டு கூட்டவும் மறைக்கவும் செய்யும்படி, பிரீமல்டிப்ளைடு ஆல்ஃபா என்ற முறையில் கலக்கிறார்கள். பகல் காட்சிகளில் நெருப்பு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தது.

சரி, இப்போது அசைவு. என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சூடான வாயு எடை குறைந்து மேலே எழும்போது, அடியில் நாலா பக்கமிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வேகமாக ஏறும் வாயுவும் அதன் பக்கத்தில் கிட்டத்தட்ட நின்றபடி இருக்கும் காற்றும் உரசும் எல்லையில் சுழல்கள் சுருண்டு எழுகின்றன. சுழல் மேலே போகப் போகக் கொழுந்தின் இடுப்பை நெரிக்கும். மேல்பாதி துண்டாகப் பிரிந்து, ஒரு கணம் தனியாக மிதந்து எரிந்து மறையும். பிறகு அடியிலிருந்து அடுத்த சுழல். நெருப்பு துடிப்பதாக நமக்குத் தெரிவது இந்தச் சுழற்சிதான்.

துடிப்பின் வேகம் நெருப்பின் அகலத்தைப் பொறுத்தது. தீயியல் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு ஒன்று இருக்கிறது: 1.5 ஐ, மீட்டரில் அளந்த அகலத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் நொடிக்கு எத்தனை துடிப்பு என்று வரும். 10 சென்டிமீட்டர் அகல நெருப்பு நொடிக்கு ஏறக்குறைய 5 முறை துடிக்கும். 1 மீட்டர் என்றால் ஒன்றரை முறை. 9 மீட்டர் அகலத்துக்கு ஒரு வீடே எரிந்தால், ஒரு துடிப்புக்கு 2 நொடி ஆகும்.

இப்போது கேம்களில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். தீப்பந்தத்துக்குச் செய்த நெருப்பு கையில் தயாராக இருக்கிறது. எரியும் கட்டடம் தேவைப்பட்டதும் அதையே பத்து மடங்கு பெரிதாக்கி வைத்துவிடுகிறார்கள். வேகம் மட்டும் பழைய தீப்பந்தத்தின் வேகம். உடனே கட்டடம் பொம்மை வீடாகச் சுருங்கித் தெரிகிறது. ஏன் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் கண் ஏமாறாது. பத்து மடங்கு பெரிதாக்கினால் வேகத்தைப் பத்தின் வர்க்கமூலத்தால், அதாவது 3.2 ஆல் வகுக்க வேண்டும். சிறிய மாதிரிக் கட்டடங்களை எரித்துப் படமெடுத்த காலத்தில் சினிமாக்காரர்கள் கேமராவை வேகமாக ஓட்டி, காட்சியை மெதுவாக்கிக் காட்டியதும் இதே கணக்கில்தான். எந்தப் புதிய மென்பொருளும் வாங்காமல் செய்யக்கூடிய திருத்தம் இது.

இந்த ஓட்டத்தைக் கணினியில் கொண்டுவரும் வழிகளில் பழையது ஒன்று இன்றும் பார்க்க அழகாக இருக்கும். திரையைக் கட்டங்களாகப் பிரித்து, கடைசி வரிசை முழுக்க 36 என்ற எண்ணை நிரப்புங்கள். மற்ற ஒவ்வொரு கட்டமும் தனக்குக் கீழே உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளும். அப்போது சில சமயம் அதில் 1 குறையும், சில சமயம் எண் ஒரு கட்டம் பக்கவாட்டில் தள்ளிப் போய் விழும். இரண்டையும் தீர்மானிப்பது வெறும் தற்செயல். 0 முதல் 36 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு நிறம். அவ்வளவுதான் நிரல், திரையில் கொழுந்துகள் நெளிந்து ஏறும். 1995இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த டூம் கேமில் எரியும் வானம் இந்த உத்தியில் செய்ததுதான்.

நெருப்பைப் பல சிறு துகள்களாகக் காட்டும் துகள் முறை சினிமாவிலிருந்து வந்தது. 1982இல் வெளியான ஸ்டார் ட்ரெக் இரண்டாம் படத்தில் ஒரு கோளின் மேல் தீச்சுவர் பரவும் காட்சிக்காக லூகாஸ்ஃபிலிமில் வில்லியம் ரீவ்ஸ் இதை உருவாக்கி, 1983இல் கட்டுரையாக வெளியிட்டார். ஒவ்வொரு துகளும் பிறக்கும், நகரும், நிறம் மாறும், சாகும். இன்றைய கேம்களில் துகள் என்பது ஒரு புள்ளி அல்ல, எப்போதும் கேமராவைப் பார்த்தே நிற்கும் ஒரு தட்டையான சதுரம். அதன் மேல் ஃபிளிப்புக் ஓடும்: ஹூடினி போன்ற மென்பொருளில் முன்கூட்டியே கணக்கிட்ட நெருப்பின் 64 படங்கள், எட்டுக்கு எட்டாக ஒரே டெக்ஸ்சரில், அதாவது சதுரத்தின் மேல் ஒட்டும் படத்தில், அடுக்கப்பட்டிருக்கும். எல்லாத் துகளும் முதல் படத்திலிருந்தே தொடங்கினால் கொழுந்துகள் ஒரே தாளத்தில் ஆடும். அதனால் ஒவ்வொன்றையும் வெவ்வேறு படத்திலிருந்து தொடங்க வைப்பார்கள், சிலவற்றை இடவலமாகப் புரட்டியும் விடுவார்கள்.

சின்ன விளக்குச் சுடருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டாம், பிக்சல்களின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரலான ஒரு ஷேடர் போதும். கென் பெர்லின் 1985இல் வெளியிட்ட நாய்ஸ் முறையில் உருவாக்கிய மேகம் போன்ற இரண்டு வடிவங்களை வெவ்வேறு வேகத்தில் மேல்நோக்கி நகர்த்தி, ஒன்றோடொன்று பெருக்கி, அதை வைத்துச் சுடரின் உருவத்தை வளைக்க வேண்டும். வளைவு அடியில் கிட்டத்தட்ட பூஜ்யமாகவும் நுனியில் அதிகமாகவும் இருக்கட்டும். திரியைப் பிடித்திருக்கும் அடிப்பகுதி ஆடினால் சுடர் மிதக்க ஆரம்பித்துவிடும்.

கொழுந்தில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அது சுவரில் வீசும் ஒளிக்குப் பலர் காட்டுவதில்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியின் அளவைத் தற்செயலாக மாற்றினால் பழுதான டியூப்லைட் மாதிரிதான் துடிக்கும். நெருப்பின் ஒளி அடுத்தடுத்த கணங்களில் தொடர்ச்சியாக ஏறி இறங்குவது, ஆகவே அதற்கும் அந்த நாய்ஸ்தான் சரி. ஒளி மூலத்தின் இடத்தையும் சில சென்டிமீட்டர் அளவுக்கு அலையவிட்டால் நிழல்கள் சுவரில் அசையும். அறைக்கு உயிர் வந்துவிடும். நான் சிபாரிசு செய்யும் சோதனை இது: கொழுந்தை மொத்தமாக மறைத்துவிட்டு, ஒளியை மட்டும் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஏதோ எரிகிறது என்று தோன்றாவிட்டால் கொழுந்தை எவ்வளவு மெருகேற்றினாலும் பயனில்லை. கொழுந்துக்கு மேலே காற்று நெளிவதைக் காட்ட, பின்னணிப் படத்தையே நாய்ஸால் லேசாக அலைய வைப்பார்கள். லேசாக என்பதை அடிக்கோடிட வேண்டும், ஏனென்றால் பல கேம்களில் இது தண்ணீருக்குள் பார்ப்பதாகத் தெரிகிறது.

அப்புறம் செலவுக் கணக்கு. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் மொத்தக் காட்சிக்கும் கிடைப்பது 16.7 மில்லிநொடி. 1920×1080 திரையில் சுமார் 20 லட்சம் பிக்சல்கள். விளையாடுபவர் நெருப்பின் பக்கத்தில் போய் நிற்கும்போது, திரையை நிரப்பும் 30 சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் அதே பிக்சல்களை 30 முறை கணக்கிட வேண்டும்: ஒரு ஃபிரேமுக்கு 6 கோடிக்கு மேல். அதிலும் சதுரங்களின் மூலைகள் காலியானவை, அங்கே செய்யும் கணக்கு முழுக்க வீண். அதனால் சதுரத்தைக் கொழுந்தின் உருவத்துக்கு ஏற்பப் பலகோணமாகக் கத்தரிக்கிறார்கள், புகையையும் நெருப்பையும் பாதி அகல உயரத்தில் தனியாக வரைந்து பிறகு பெரிதாக்குகிறார்கள்.

இயற்பியலை நேரடியாகவே கணக்கிட்டுவிட்டால் என்ன? வாயு, திரவம் போன்ற பாய்மங்களின் ஓட்டத்தைக் கணக்கிட 1999இல் ஜோஸ் ஸ்டாம் வெளியிட்ட முறை அந்தக் கதவைத் திறந்தது. அன்ரியல் எஞ்சினில் இன்று நயாகரா ஃபுளூயிட்ஸ் என்ற கருவி மூலம் கேம் ஓடும்போதே நெருப்பைக் கணக்கிட முடிகிறது. ஆனால் நெருப்பு இருக்கும் இடத்தை ஒரு கனசதுரமாக எடுத்து, ஒரு பக்கத்துக்கு 128 கட்டங்கள் என்று பிரித்தாலே மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் அறைகள். நுணுக்கத்தை இரட்டிப்பாக்கினால் அது 8 மடங்காகி 1.6 கோடியைத் தாண்டும். ஒரே ஒரு பெரிய தீ கதையின் மையமாக இருக்கும் காட்சிக்கு அந்தச் செலவு தகும். கோட்டைச் சுவரில் வரிசையாக எரியும் நாற்பது தீப்பந்தங்களுக்கு 64 படங்கள் கொண்ட அந்தப் பழைய டெக்ஸ்சரே போதும், வேகத்தை மட்டும் அகலத்துக்கு ஏற்றபடி வைத்துவிட்டால்.