கடினமான புதிர் வேறு, பிழையான புதிர் வேறு

கிரிப்டிக் குறுக்கெழுத்துகளைச் சரிபார்த்து வெளியிடுவது என் வேலை. மேலோட்டமாக வேறொன்றைச் சொல்வதுபோல் காட்டி, விடைக்கான வழியைச் சொற்களுக்குள்ளேயே ஒளித்து வைக்கும் குறிப்புகள் கொண்ட புதிர்கள் இவை. போன மாதம் வெளியிட்ட ஒரு புதிரை அமைத்தவர் இதற்குப் புதியவர். கடினமான புதிர்தான். தெரிந்தேதான் வெளியிட்டேன். இரண்டே நாளில் நாற்பது கருத்துகள் வந்தன. “இது அநியாயம்.” “அகராதியைக் கரைத்துக் குடித்தவர்களுக்குத்தான் வரும்.” “நம்மை முட்டாளாக்கப் பார்க்கிறார்.” இன்னொரு பக்கம், “ஏழு நிமிடத்தில் முடித்தேன், இதில் என்ன கஷ்டம்?” எந்தக் குறிப்பு, எந்தச் சொல், ஏன் இடிக்கிறது என்று சொன்னவை அந்த நாற்பதில் மூன்றே மூன்று. ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து இரண்டு வரி வந்தது: “இனி அனுப்பப்போவதில்லை ஐயா. எனக்கு இது வராது போலிருக்கிறது.”

இப்படி விலகிப்போன நான்காவது ஆள் இவர். பொறுத்தது போதும் என்றுதான் எழுதுகிறேன்.

விடை வரவில்லை என்பதாலேயே குறிப்பு தவறாகிவிடாது. இதைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் புதிரில் அதிகம் திட்டு வாங்கிய குறிப்பு இது: “ஐந்துக்கு அடுத்து ஓடுவது (2).” அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. மணி ஐந்துக்குப் பிறகு ஓடும் ரயிலையும் பேருந்தையும் நினைத்து நினைத்துப் பலர் அலுத்துப்போயிருக்கிறார்கள். விடை ‘ஆறு’. ஐந்துக்கு அடுத்தது ஆறு, ஓடுவதும் ஆறு. “நாயும் ஓடும், கடிகாரமும் ஓடும். ஆறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருந்தார். ‘ஓடுவது’ என்பதை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கும்படி யார் சொன்னது? குறிப்பின் மறுபாதி எதற்கு இருக்கிறது? ஒரே விடைக்கு இரண்டு வழி வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் விடை உறுதி. சாதாரணக் குறுக்கெழுத்தில் இந்த வசதி கிடையாது. அங்கே ‘ஓடுவது’ என்று மட்டும் கொடுத்தால் நாயா நதியா என்று தடவிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ரயில் ஞாபகம் வரும்படி வாக்கியத்தை அமைத்ததில் ஏமாற்று எதுவும் இல்லை. வாக்கியம் நம்மை எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகலாம், ஆனால் அதிலுள்ள சொற்கள் பொய் சொல்லக் கூடாது. ‘ஐந்துக்கு அடுத்து ஓடுவது’ என்பதில் எந்தச் சொல் பொய் சொல்கிறது? காட்டுங்கள், நானே மன்னிப்புக் கேட்கிறேன்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள், அதனால் திரும்பவும் சொல்கிறேன். கடினம் ஆளுக்கு ஆள் மாறும். நேற்று என்னைத் திணறடித்த குறிப்பு உங்களுக்கு ஒரு நொடியில் வரலாம். நியாயம் அப்படி மாறாது. விடை தெரிந்த பிறகு குறிப்பைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்கிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும்.

எளிய குறிப்பும் அநியாயமாக இருக்க முடியும். “நகரம் குழம்பினால் பாவிகள் போகுமிடம் (4).” நகரம் என்ற சொல்லின் எழுத்துகள் இடம் மாறினால் நரகம். சரியான குறிப்பு. இதையே “நகரம், பாவிகள் போகுமிடம்” என்று எழுதினால்? அப்போதும் பலர் நரகம் என்று நிரப்பிவிடுவார்கள், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் எழுத்தைக் கலைக்கச் சொல்லும் சொல்லே அதில் இல்லை, அது பிழையான குறிப்பு. நான் அதிகம் திருப்பி அனுப்புவது இந்த மாதிரிக் குறிப்புகளைத்தான். ஊகித்து எழுதிவிட முடிவதால் அவற்றின் பிழை யாருக்கும் உறுத்துவதில்லை. ஒழுங்காக அமைந்த கடினமான குறிப்புதான் வசை வாங்குகிறது.

இந்த நியாய விதிகள் எளிய புதிர் கேட்டவர்கள் போட்டவை அல்ல. 1926 முதல் இங்கிலாந்தில் ‘அப்சர்வர்’ இதழில் மிகக் கடினமான புதிர்களை அமைத்தவர், ஸ்பெயினில் மத விரோதிகள் என்று பிடித்தவர்களை வதைத்த விசாரணை மன்றத்தின் தலைவர் டார்க்கெமடாவின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். 1939இல் அவர் இடத்துக்கு வந்தவர் சிமெனெஸ், அதுவும் ஒரு விசாரணை மன்றத் தலைவரின் பெயர். வதைப்பேன் என்று பெயரிலேயே அறிவித்த இந்த மரபில் வந்த சிமெனெஸ்தான் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கறாரான இலக்கணம் வகுத்தார். அதன் சாரத்தை ஆஃப்ரிட் என்ற இன்னொரு புதிர் அமைப்பாளர் 1949இலேயே சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: புதிர் அமைப்பவர் தான் சொல்வதையே கருத வேண்டியதில்லை, ஆனால் தான் கருதுவதைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, தமிழில் புதிர் போடுபவர் உங்களுக்குச் செய்யும் உதவியைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆங்கிலத்தில் எழுத்து 26, நமக்கு 247. குறுக்கே போகும் விடையிலிருந்து ஒரு ‘று’ கிடைத்தால் அது ‘ற’ இல்லை, ‘றி’ இல்லை, ‘ரு’ இல்லை. ஒரே எழுத்தில் முக்கால் விடை வெளிவந்துவிடும். அமைப்பவருக்கோ அதே காரணத்தால் கட்டம் நிரப்புவது பெரும்பாடு. ‘கா’ வர வேண்டிய இடத்தில் ‘க’ வைக்க முடியாமல் ஒரு மூலை முழுவதையும் பிரித்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கருத்தே சொல்லாதீர்கள் என்று கேட்கவில்லை. குறிப்பின் எண்ணைச் சொல்லுங்கள், எந்தச் சொல் இடறுகிறது என்று சொல்லுங்கள். அமைத்தவரின் புத்தியைப் பற்றிப் பேசாதீர்கள், அது யாரும் கேட்காத தகவல். வெளியான அன்றே விடையைப் பொதுவில் போடாதீர்கள். செயலியில் எழுத்துகளைத் தட்டி விடை வாங்கிவிட்டு ‘சுவையில்லை’ என்று எழுதாதீர்கள். அப்புறம், அந்த நிமிடக் கணக்கு. ஏழு நிமிடம் என்று நீங்கள் எழுதுவதை, இரண்டு மணி நேரம் போராடிப் பாதி நிரப்பிய ஒருவர் படிக்கிறார். தயவுசெய்து அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அடுத்த வாரம் வர வேண்டும். விடை வரவில்லையா, ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டுத் திரும்ப எடுங்கள். முதல் நாள் ரயிலாகத் தெரிந்தது மறுநாள் ஆறாகத் தெரியும்.

அந்த மூன்று நல்ல கருத்துகளில் ஒன்று இப்படி இருந்தது: “17ஆவது குறிப்பு, ‘பசுமையான காட்டில் மறைந்த பாரம் (2)’. ‘சுமை’ பசுமைக்குள்ளேயே இருக்கிறதே, காடு எதற்கு?” அவர் கேட்டது சரி. ‘காட்டில்’ வாக்கியத்துக்கு அழகு சேர்க்கிறது, விடைக்கு ஒன்றும் செய்யவில்லை. என் கண்ணிலும் அது தப்பிவிட்டது, பொறுப்பு என்னுடையது. குறை சொன்னவரிடம் கோபம் இல்லை, குறிப்பின் மீது அக்கறை இருந்தது.

மூன்று கருத்துகளையும் புதிர் அமைத்தவருக்குத் தனியாக அனுப்பினேன், வேறு எதுவும் எழுதவில்லை. நேற்று இரவு ஒரே ஒரு வரி பதில் வந்திருக்கிறது: “17: பசுமையில் மறைந்த பாரம் (2). இப்போது சரியா ஐயா?”