மூன்று நாள் ஆயுள்: பீப்பாய் ஏல் பப்பின் நிலவறையில் கெடுவது எப்படி

பிரிட்டனில் ஒரு பப்பில் வாங்கிய பைண்ட் (சுமார் 570 மில்லி) பீர் புளித்திருந்தால் திட்டு விழுவது அதைக் காய்ச்சிய ப்ரூவரிக்குத்தான். பீரை இழுத்து ஊற்றும் கைப்பம்பின் முகப்பில் அதன் பெயர்தானே இருக்கிறது! ஆனால் பீப்பாயில் வரும் ஏல் என்ற பீர் வகையைப் பொறுத்தவரை ப்ரூவரி அனுப்புவது முடிந்த சரக்கு அல்ல. கடைசிக்கட்ட நொதித்தல் பீப்பாய்க்குள்ளேயே நடக்கிறது. ஏல் தெளிவதும், மிகுதி வாயு வெளியேறுவதும், பரிமாறும் பதத்துக்கு வருவதும் பப்பின் நிலவறையில்தான். அங்கே ஆள் சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல ஏலும் இரண்டே நாளில் பாழாகிவிடும்.

அறுபதுகளில் பெரிய கம்பெனிகள் வடிகட்டி, சூடுபடுத்தி, வாயு ஏற்றிய கெக் (அழுத்தக் கலன்) பீரைப் பப்களில் நிரப்பத் தொடங்கின. அதற்கு எதிர்ப்பாக 1971-இல் நான்கு ஆங்கிலேயர்கள் அயர்லாந்தின் டன்குவின் கிராமத்தில் தொடங்கிய அமைப்புதான் இன்று கேம்ரா என்று அறியப்படுகிறது. 2002-இல் சிறிய ப்ரூவரிகளுக்குப் பீர் வரியில் பாதிவரை சலுகை கிடைத்தது. கைவினை ப்ரூவரிகள் பெருகின. ஏல் காய்ச்சத் தெரிந்தவர்கள் கூடினார்கள். பீப்பாயைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அதே அளவுக்குக் கூடவில்லை என்பதுதான் பிரச்சினை.

ப்ரூவரியில் இருந்து என்ன வருகிறது

4 சதவீத ஆல்கஹால் உள்ள, பிட்டர் என்ற சாதாரண ஏல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாரிஸ் ஆட்டர் போன்ற வெளிர் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) கரகரப்பாக அரைத்து, கிலோவுக்கு இரண்டரை லிட்டர் வெந்நீர் என்ற கணக்கில் கலந்து, 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவிடுவார்கள். 64-க்குக் கீழே இறங்கினால் சர்க்கரை முழுவதும் நொதித்து ஏல் தண்ணீராகத் தெரியும். 68-ஐத் தாண்டினால் நொதிக்காத சர்க்கரை மிஞ்சி வாயில் கனக்கும். ஊறிய மால்ட்டின் மேல் மறுபடி வெந்நீர் தெளித்துச் சாற்றை இறக்கும்போது 78 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். பிறகு கோல்டிங்ஸ் அல்லது ஃபக்கிள் வகை ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ) சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவைத்து, 18 டிகிரிக்கு ஆற்றி ஈஸ்ட் சேர்ப்பார்கள்.

தண்ணீரில் இரண்டு விஷயம். பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அதனால்தான் அந்த ஊர் ஏலில் ஹாப்ஸ் கசப்பு கூர்மையாக நிற்கும். மற்ற ஊர்க்காரர்கள் ஜிப்சம் வாங்கிக் கலக்கிறார்கள். இரண்டாவது, குழாய் நீரின் குளோரின். அதை மெட்டாபைசல்பைட் போட்டு முதலிலேயே நீக்காவிட்டால் மால்ட்டின் ஃபீனாலோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வாடை வரும். மிகச் சிறிய அளவே போதும், பைண்ட் முழுவதும் டெட்டால் வாசம் அடிக்கும்.

தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், சாற்றின் அடர்த்தி 1.040-இல் தொடங்கி நான்கைந்து நாளில் 1.010 பக்கம் இறங்கும். இங்கேதான் அவசரக்காரர்கள் சறுக்குவார்கள். நொதித்தல் ஓய்ந்ததுபோலத் தெரிந்தாலும், ஈஸ்ட் தான் வெளியிட்ட டையசிட்டைலைத் திரும்ப உறிஞ்ச இன்னும் ஒன்றிரண்டு நாள் 20 டிகிரி வெதுவெதுப்பு வேண்டும். தொட்டி காலியாக வேண்டுமே என்று உடனே குளிரவைத்தால் ஏலில் வெண்ணெய் வாடை தங்கிவிடும்.

பீப்பாயில் நிரப்பும்போது கொஞ்சம் சர்க்கரையும் மில்லிலிட்டருக்குச் சுமார் பத்து லட்சம் ஈஸ்ட் செல்களும் உள்ளே இருக்க வேண்டும். ஈஸ்ட் குறைந்தால் ஏல் சப்பென்று இருக்கும். கூடினால் திறக்கும்போது நுரை கூரையைத் தொடும். மண்டியும் லேசில் படியாது. தெளிவதற்காக ஐசிங்கிளாஸ் சேர்ப்பார்கள். இது மீனின் காற்றுப்பையில் இருந்து எடுக்கும் கொலாஜன். நேர்மின்னேற்றம் கொண்ட அது, எதிர்மின்னேற்றம் கொண்ட ஈஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்காரும். 20 டிகிரிக்கு மேல் இது சிதைந்துவிடும். கோடைகாலத்தில் டெலிவரி வேனுக்குள் அரைநாள் வெயில் காய்ந்த பீப்பாய், நிலவறையில் எவ்வளவு நாள் வைத்தாலும் தெளியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நிலவறையில் முதல் இரண்டு நாள்

வழக்கமான பீப்பாய் ஃபர்கின்: 9 கேலன், 72 பைண்ட், ஏறக்குறைய 41 லிட்டர். வந்தவுடன் அதை மேடையில் படுக்கவைத்து, மூன்று மர ஆப்பு கொடுத்து அசையாமல் நிறுத்த வேண்டும். வயிற்றின் நடுவில் உள்ள பெரிய அடைப்பு, அதாவது ஷைவ், நேர் மேலே பார்க்க வேண்டும். குழாய் அடித்து இறக்கும் அடைப்பான கீஸ்டோன் முன்முகத்தின் அடிவிளிம்புக்கு வர வேண்டும். நிலவறை 11 முதல் 13 டிகிரி. 10-க்குக் கீழே போனால் குளிரினாலேயே கலங்கலாகும். 14-ஐத் தாண்டினால் வாயு பறந்து, ஈஸ்ட் மறுபடி கிளம்பும்.

வந்த பீப்பாயை உடனே திறப்பது கூடாது. ஏல் நிலவறையின் குளிருக்கு இறங்கும்வரை விட்டு, ஷைவையும் கீஸ்டோனையும் கிருமிநாசினி தெளித்துத் துடைத்த பிறகுதான் திறப்பது. ஷைவின் நடுவில் மெல்லிய பகுதி ஒன்று இருக்கும். ஈரத்துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு முளையை வைத்து அங்கே அடித்தால் புஸ்ஸென்று வாயு சீறும். உடனே மென்முளையைச் செருக வேண்டும். இது மூங்கில்போல் நுண்துளை உள்ள மரம். வாயு மெல்லக் கசியும். நுரை முளைவழியே பொங்கி வழிவது இயல்பு.

எவ்வளவு நேரம் கசியவிடுவது? கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், முளையைப் பாருங்கள். அவ்வப்போது அதன் தலையைத் துடையுங்கள். துடைத்த மறுகணமே நுரை குமிழ்ந்தால் இன்னும் ஆகவில்லை. மீண்டும் குமிழி எழச் சில நொடிகள் ஆனால் மிகுதி வாயு இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது மென்முளையை எடுத்துவிட்டு, காற்றுப் புகாத வன்முளையை அடிக்க வேண்டும். சுறுசுறுப்பான பீப்பாய் இதற்கு ஒரு நாள் முழுக்க எடுக்கும், மந்தமானது சில மணி நேரத்தில் அடங்கும். அடங்கிய பிறகும் மென்முளையை மறந்து இரவெல்லாம் விட்டவர் மறுநாள் பரிமாறுவது வாயு செத்த ஏல்.

வன்முளை இறங்கியபின் 24 மணி நேரம் தொடாமல் விட்டால் மண்டி வயிற்றடியில் படியும். சுத்தமான குழாயை மூடிய நிலையில் வைத்து, மரச்சுத்தியால் கீஸ்டோனில் ஒரே அடியாக அடித்து இறக்க வேண்டும். தயங்கித் தயங்கி அடித்தால் பீப்பாய் குலுங்கி, படிந்த மண்டி எழும். பிறகு அரைக் கிளாஸ் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்து, ருசித்து, அதன் பிறகுதான் பம்போடு இணைக்க வேண்டும். ருசிக்காமல் இணைப்பவர்கள் நிறைய.

பரிமாறும் நேரத்தில் முளை தளர்ந்திருக்க வேண்டும். இறுகியிருந்தால் பீப்பாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பை இழுக்கவே கை வலிக்கும். மண்டியும் கிளம்பி வரும். கடை சாத்தியதும் வன்முளையை இறுக்க வேண்டும். பாதிக்குச் சற்று மேலே ஏல் இருக்கும்போதே பின்பக்கத்தை மெதுவாக உயர்த்திச் சாய்க்க வேண்டும். தீரும் தறுவாயில் சாய்த்தால் கடைசிப் பத்து பைண்டும் சேறு.

எண்ணிக்கைதான் எதிரி

ஒவ்வொரு பைண்ட் வெளியேறும்போதும் அதே அளவு காற்று பீப்பாய்க்குள் நுழைகிறது. காற்றோடு அசிட்டிக் பாக்டீரியாவும் வரும். காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளிப்பதுபோல இதுவும் புளிக்கும்; வேகம் மட்டும் குறைவு. முதல் நாள் நன்றாக, இரண்டாம் நாள் பரவாயில்லை, மூன்றாம் நாள் கடைசி. நான்காம் நாள் பீப்பாயில் மிஞ்சியதைக் கொட்டுவதுதான் நேர்மை.

கணக்கு எளிது. மண்டி போக ஒரு ஃபர்கினில் விற்கக்கூடியது 68 முதல் 70 பைண்ட். மூன்று நாளில் தீர வேண்டுமானால் ஒரு பம்பில் நாளுக்கு 23 பைண்ட் ஓட வேண்டும். நாள் ஒன்றுக்கு 50 பைண்ட் ஏல் விற்கும் பப்புக்கு இரண்டு பம்புதான் நியாயம். ஆனால் அங்கே ஆறு பம்பு நிற்கும். வகை வகையாகக் கைவினை ஏல் வைத்திருக்கிறோம் என்று பெருமை வேறு. ஆறில் நான்கு புளித்துக்கொண்டிருக்கும். ஆளில்லாத செவ்வாய்க்கிழமை மதியத்தில் நீண்ட பம்பு வரிசையைப் பார்த்தால் அது நல்ல அறிகுறி அல்ல. விற்பனை குறைந்த இடங்கள் நாலரை கேலன் கொண்ட பின் என்ற சிறு பீப்பாய்க்கு மாறலாம். வெளியேறும் ஏலின் இடத்தைக் காற்றுக்குப் பதில் அழுத்தமில்லாத கார்பன் டையாக்சைடால் நிரப்பும் கேஸ்க் பிரீதரும் உண்டு. அதைப் பல காலம் ஏற்க மறுத்த கேம்ரா, 2018-இல் நடுநிலைக்கு வந்தது.

குழாய் கழுவுவதும் ஆபத்துகளும்

பீப்பாயிலிருந்து பம்புக்கு ஏல் செல்லும் குழாயை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். முதலில் வெறும் நீர். பிறகு டப்பாவில் சொன்ன விகிதத்தில் கரைத்த காரக்கரைசல். சொன்ன நேரம் முழுவதும் உள்ளே நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பம்பை இழுத்துப் புதிய கரைசலை நகர்த்த வேண்டும். கரைசலைக் கூடுதலாகக் கலந்தால் சீக்கிரம் வேலை முடியும் என்பது தப்புக்கணக்கு. கழுவி வெளியேற்றுவதுதான் கடினமாகும். கடைசியில் நீரை விட்டு, பி.எச் தாளில் குழாய் நீரின் அதே நிறம் வரும்வரை நிறுத்தக்கூடாது. காரக்கரைசல் கலந்த பைண்ட்டைக் குடித்தால் வாயும் உணவுக்குழாயும் வெந்துபோகும். கழுவும் நேரத்தில் பம்பின் கைப்பிடியில் “தொடாதே” அட்டை தொங்க வேண்டும். குளோரின் கலந்த கரைசலோடு அமிலக் கரைசலை ஒருபோதும் சேர்க்கக்கூடாது, வருவது குளோரின் வாயு.

ப்ரூவரியில் இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. 1,000 லிட்டர் பிட்டர் நொதிக்கும்போது சுமார் 30 கிலோ கார்பன் டையாக்சைடு வெளியேறும். அது 16 கன மீட்டர் வாயு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதால் தரையிலும் காலித்தொட்டியின் அடியிலும் தேங்கும். பிரிட்டனில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த அளவு காற்றில் 0.5 சதவீதம்தான். நிலவறை, நொதிக்கும் அறை இரண்டிலும் முழங்கால் உயரத்தில் அளவுமானி வேண்டும். தொட்டிக்குள் மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற நினைத்து உள்ளே குதித்தால் குதித்தவரும் விழுவார். வெளியே நின்று அவசர உதவியை அழைப்பதுதான் வழி.

கிளாஸில் தெரியும் குறை

காடி வாசம் என்றால் பீப்பாய் திறந்து நாளாகிவிட்டது; அது நிலவறையின் குற்றம். வெண்ணெய் வாடைக்கு இரண்டு காரணம்: ப்ரூவரியின் அவசரம், அல்லது அழுக்குக் குழாயில் குடியேறிய பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அதே ஏல் இன்னொரு பப்பில் நன்றாக இருந்தால் குழாய்தான். வேகவைத்த மக்காச்சோள வாடையும் ஆஸ்பத்திரி வாடையும் பெரும்பாலும் ப்ரூவரியில் பிறந்தவை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை, ஆக்சிஜன் பட்டுப் பழசானதன் அடையாளம். கடை திறந்ததும் வாங்கிய முதல் பைண்ட் மட்டும் மோசம் என்றால், இரவெல்லாம் குழாயில் நின்ற ஏலை அவர்கள் இழுத்துக் கொட்டவில்லை.

கலங்கலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஐசிங்கிளாஸ் சேர்க்காத ஏலைக் கைவினை ப்ரூவரிகள் இப்போது நிறையவே விற்கின்றன. அது லேசாக மங்கியேதான் இருக்கும். கலங்கலோடு ஈஸ்ட்டின் கரகரப்பும் புளிப்பும் சேர்ந்திருந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள். வாங்கும் முன் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்டால் நல்ல பப் தயங்காமல் கொடுக்கும்.

ஆல்கஹால் அளவையும் பாருங்கள். பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது 10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால். 4 சதவீத பைண்ட் 2.3 யூனிட், 6 சதவீத ஐ.பி.ஏ வகை ஏல் பைண்ட் 3.4. ஆணோ பெண்ணோ வாரத்துக்கு 14-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது 2016-இல் வந்த அரசு மருத்துவ ஆலோசனை. ஐந்து வலுவான பைண்ட் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். ஏல் பார்லியில் செய்வது, எனவே குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாதாரண ஏல் ஆகாது.

லண்டனில் வாழும் நம்மவர்களில் சைவம் தவறாதவர்கள் பலருக்கு ஐசிங்கிளாஸ் விஷயம் தெரியாது. தெளிவுக்காகச் சேர்க்கும் இந்த மீன்பொருளுக்கு ஒவ்வாமை அறிவிப்பில் விலக்கு இருப்பதால், மீன் என்று எங்கும் எழுதியிருக்காது. பம்பின் முகப்பிலோ பலகையிலோ “வீகன்” அல்லது “அன்ஃபைன்ட்” (தெளிவிப்பான் சேர்க்காதது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கவுன்ட்டரில் கேளுங்கள். அங்கே இருப்பவருக்குத் தெரியாவிட்டால் ப்ரூவரியின் இணையதளத்தில் ஏலின் விவரப் பக்கத்தில் பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.