கண்ணை மூடு, மிஸி வாறா

மத்தியானம் ஒன்றே கால் இருக்கும். தடுப்பூசி தவறிய ஒரு பிள்ளையைத் தேடி, திருகோணமலை நகரத்துக்குள் இருக்கும் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் கேட்டது. "எல்லாரும் கண்ணை மூடுங்க. அங்க பாருங்க, மிஸி வாறா. முழிச்சிருக்கிற பிள்ளைக்கு ஊசி போடுவா." மிஸி என்றது என்னைத்தான். தாய் சேய் நலம் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அறைக்குள் 18 பிள்ளைகள், வரிசையாகப் பாய்கள். பாதிப் பேர் உண்மையிலேயே நித்திரை. மற்றவர்கள் நித்திரை மாதிரி. ஜன்னலோரம் கிடந்த நாலரை வயதுச் சிறுமியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், இமை துடித்தது. விரல் மட்டும் பாயின் ஓரத்திலிருந்து நாரை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் பாய் ஏற்கெனவே ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்திருந்தது. ஒரே நாளில் பிய்ந்த பாய் இல்லை அது.

அவளை எனக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு முன்தான் அவளுடைய அம்மா கிளினிக்கில் என்னிடம், "மிஸி, இவள் ராவில பதினொரு மணியாகாமப் படுக்கிறாளே இல்ல. காலையில எழுப்பினா ஒரே அழுகை" என்று சொல்லியிருந்தார். நான் வழமையாகச் சொல்வதையே சொன்னேன்: போனைக் கொடுக்காதீங்க, நேரத்துக்குப் படுக்க வையுங்க. நிறை பார்த்து, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளி வைத்து அனுப்பிவிட்டேன். பகலில் எங்கே இருக்கிறாள், எத்தனை மணிக்கு எழும்புகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடும்பநல உத்தியோகத்தராக இத்தனை வருடம் வேலை செய்தும் அந்தக் கேள்வி எனக்கு வராமல் போனது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவே காரணம்.

நித்திரையும் பசி மாதிரித்தான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நாலு மணிக்கு வயிறு நிறைய வடை சாப்பிட்ட பிள்ளை ஏழு மணிக்குச் சோற்றைத் தள்ளிவைப்பது போல, மூன்றரை வரை படுத்தெழும்பிய பிள்ளைக்கு எட்டரைக்கு நித்திரைப் பசி இருக்காது. வீட்டில் அம்மா படாத பாடு படுவார். "குழப்படிப் பிள்ளை" என்று பெயர் வந்துவிடும். காரணம் மத்தியானத்தில் இருக்கிறது. அதை அம்மா காணவில்லை. இரவு என்ன நடந்தது என்று நிலையத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது.

3, 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணித்தியால நித்திரை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது. பகலும் இரவும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. 1, 2 வயதென்றால் 11 முதல் 14. படுக்கும் நேரமும் எழும்பும் நேரமும் நாளுக்கு நாள் மாறக்கூடாது என்பதையும் அதே இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். நான் பார்த்த சிறுமியின் கணக்கு இப்படி: இரவு பதினொன்றுக்குப் படுத்து ஆறேகாலுக்கு எழும்பினால் ஏழேகால் மணித்தியாலம். பகலில் இரண்டு மணித்தியாலம் பாயில் கிடக்கிறாள். அதில் கண்ணயர்வது கடைசி ஒரு மணித்தியாலம், அதுவும் இரண்டரைக்குப் பிறகு. கூட்டிப் பார்த்தால் எட்டேகால். வேண்டியது குறைந்தது பத்து.

அப்படியானால் பகல் நித்திரையை நிறுத்திவிடலாமா? இல்லை, அவசரப்பட வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020 ஆம் ஆண்டு மீளாய்வு ஒன்றில், 2 வயதுக்கு முன் பகல் நித்திரையை விட்ட பிள்ளைகள் 100 பேரில் 3 பேருக்கும் குறைவு. 5 வயது நிறையும்போது விட்டவர்கள் 100 இல் 94. இடைப்பட்ட மூன்று வருடங்களில் ஒவ்வொரு பிள்ளையும் தன் நேரத்துக்கு விடுகிறது. ஒருத்திக்கு மூன்று வயதிலேயே போதும், இன்னொருவனுக்கு நாலரையிலும் வேண்டும். பகலில் வழமையாகப் படுக்கும் பிள்ளைக்கு அந்த நித்திரை உண்மையிலேயே உதவுகிறது. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2013 இல் முன்பள்ளிப் பிள்ளைகளைக் காலையில் படம் ஞாபகம் வைக்கும் விளையாட்டு விளையாட விட்டார்கள். மத்தியானம் படுத்தெழும்பிய நாளில் பிள்ளைகளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. படுக்காத நாளில் மறந்துபோனது. பகல் நித்திரைப் பழக்கம் உள்ள பிள்ளைகளிடம்தான் இந்த வித்தியாசம் அதிகம்.

மற்றப் பக்கம், ஆஸ்திரேலியாவில் 2015 இல் வெளிவந்த ஆய்வு. பராமரிப்பு நிலையத்தில் 60 நிமிடத்துக்கு மேல் கட்டாயமாகப் படுக்க வைக்கப்பட்ட 4, 5 வயதுப் பிள்ளைகள் இரவில் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாக நித்திரை கொண்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் இருந்தது. நமது நாட்டில் ஐந்து வயது முடிந்த பிள்ளை தரம் 1 க்குப் போகிறது, பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. அப்போது அந்த இரவுக் குறையை ஈடுகட்டப் பகலில் இடம் இருக்காது.

நிலையத்துப் பொறுப்பாசிரியையிடம் பேசினேன். அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 18 பிள்ளைகளுக்கு இரண்டு பேர். சோறு தீத்தி, வாய் துடைத்து, ஒவ்வொருவரையும் கழிவறைக்குக் கூட்டிப்போய் முடிக்கும்போது ஒரு மணி. தட்டுக் கழுவவும், பதிவேடு எழுதவும், தாங்கள் ஒரு வாய் சாப்பிடவும் அவர்களுக்குக் கிடைப்பது அந்த நித்திரை நேரம் மட்டும்தான். "எல்லாரும் எழும்பித் திரிஞ்சா நாங்க என்ன மிஸி செய்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த நேரத்தை அவர்களிடமிருந்து பறிக்கிற எந்த யோசனையும் ஒரு கிழமைகூடத் தாங்காது.

கடைசியில் இப்படிச் செய்தோம். எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டதும் அரை மணித்தியாலம் படுக்கலாம். நித்திரை வந்தவர் நித்திரை கொள்ளட்டும். வராதவர் சத்தமில்லாமல் எழும்பி ஒரு மூலைக்குப் போகலாம். அங்கே படப் புத்தகம், களிமண், நூலில் கோர்க்கப் பெரிய மணி. இரண்டரைக்கு ஜன்னல் திரையை விலக்கிவிட வேண்டும், பிள்ளைகள் தாங்களாக எழும்பத் தொடங்குவார்கள். முதல் கிழமை சரிவரவில்லை. மூலையில் மணி கொட்டிய சத்தத்தில் மூன்று வயதுக்காரர்கள் எழும்பி அழுதார்கள். "பழையபடியே விடுவம் மிஸி" என்றார் அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் அன்ரி. அப்புறம் மூலையைப் பின்விறாந்தைக்கு மாற்றினோம். அன்ரி தட்டுக் கழுவும் இடத்திலிருந்து விறாந்தை முழுதும் தெரியும். அதன் பிறகு பிரச்சினை இல்லை.

ஊசிக் கதையையும் நிறுத்தச் சொன்னேன். பயந்த பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கும், உடம்பு விழிப்பாகும், வரவிருந்த நித்திரையும் போய்விடும். போதாததற்கு, அடுத்த முறை தடுப்பூசிக்கு வரும்போது அந்தப் பிள்ளை என்னைக் கண்டதுமே அலறும். பூச்சாண்டிக்கும் பொலிஸ் மாமாவுக்கும் இதே கதைதான். தினமும் ஒரே பாட்டு, ஒரே ஒழுங்கு, முதுகில் மெல்லத் தட்டும் ஒரு கை. இவை போதும்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் திருகோணமலையில் நித்திரையைப் பற்றிப் பேச முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்கும் அஸ்பெஸ்டஸ் கூரைக்கும் கீழே மத்தியானம் பெரியவர்களாலேயே கிடக்க முடியாது. பாய்களைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே போடுங்கள். படுக்க முன் ஈரத் துணியால் முகம், கழுத்து, கால் துடைத்துவிடுங்கள். நைலோன் சட்டையைக் கழற்றிப் பருத்தி பெனியனோடு விடுங்கள். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில். 2017 இல் டெங்குவால் பக்கத்து ஊரான கிண்ணியா பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை. எனவே பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். மூடிய அறைக்குள் நுளம்புச் சுருள் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை பிள்ளையின் நெஞ்சுக்குக் கூடாது.

இனி வீடு. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலை செய்யும் தாய் தகப்பனுக்கு மே முதல் செப்டெம்பர் வரை சீசன், வீடு வர ஒன்பது, பத்தாகும். கடற்தொழில் குடும்பங்களில் அப்பா இரவில் கடலில் இருப்பார். அம்மாவுக்குப் போன் வரும்வரை நித்திரை வராது, அந்த வெளிச்சத்தில் பிள்ளையும் விழித்திருக்கும். "எட்டரைக்கு எல்லாரும் படுங்க" என்று இவர்களுக்குச் சொல்வது எளிது. நான் கேட்பது ஒன்றே ஒன்று: வீட்டில் யார் இருந்தாலும், அம்மம்மாவோ பெரியம்மாவோ, பிள்ளை படுக்கும் நேரம் மட்டும் மாறாமல் இருக்கட்டும். அப்பா அம்மாவோடு கொஞ்சும் நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் வருடம் முழுக்க ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. உடம்பில் நித்திரையைக் கொண்டுவரும் மெலட்டோனின் என்ற ஹோர்மோன் சுரப்பதற்கு அந்த இருட்டு வேண்டும். 2018 இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளைப் படுக்க முன் ஒரு மணித்தியாலம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாட விட்டார்கள். மெலட்டோனின் 90 வீதத்துக்குக் கிட்டக் குறைந்துபோனது. வெளிச்சத்தை அணைத்து 50 நிமிடம் கழித்தும் பெரும்பாலான பிள்ளைகளிடம் அது மீளவில்லை. சிறிய கண்ணுக்குள் வெளிச்சம் அதிகமாகப் புகும். ஏழரைக்குப் பிறகு பெரிய விளக்கை அணைத்துவிட்டு, தொலைக்காட்சியையும் போனையும் மற்ற அறைக்குக் கொண்டுபோங்கள். பின்னேரம் தேத்தண்ணி கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். நித்திரையைக் கெடுப்பதோடு சாப்பாட்டிலிருந்து இரும்புச்சத்து சேர்வதையும் அது தடுக்கிறது.

நித்திரை குறைந்த பிள்ளை பெரியவர்களைப் போலச் சோர்ந்து கிடக்காது. துள்ளும், கடிக்கும், ஒரு விளையாட்டிலும் நிலைக்காது. "துருதுருப்பு அதிகம்" என்று முன்பள்ளி டீச்சர் சொல்லும் பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். படுத்து இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் கண்ணைத் திறந்தபடி அலறி, அம்மாவைக்கூட அடையாளம் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளும் உண்டு. காலையில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. பயந்துபோய் நூல் கட்டக் கொண்டுபோவார்கள். நூல் கட்டுவதை நான் தடுப்பதில்லை. ஆனால் ஆழ்ந்த நித்திரையிலிருந்து பாதி எழும்புவதால்தான் இது வருகிறது, களைத்துப்போன பிள்ளைகளிடம் இன்னும் கூடுதல். உலுக்கி எழுப்பாமல் விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரை மணித்தியாலம் முன்னதாகப் படுக்க வையுங்கள். தடிமன் பாணியை நித்திரைக்காகக் கொடுக்கவே கூடாது. பெரும்பாலான இரவுகளில் குறட்டை விட்டு, மூச்சுத் திணறி, வாயைத் திறந்தபடி படுக்கும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். மூக்கின் பின்புறச் சதையோ தொண்டைச் சதையோ வீங்கியிருக்கலாம்.

பதினொன்றரையோடு முடியும் முன்பள்ளிகளில் பாய்க்கு வேலை இல்லை, ஆனாலும் டீச்சருக்கு நிறைய வேலை இருக்கிறது. காலை வெயிலில் அரை மணித்தியாலம் வெளியே ஓட விட்டால் இரவு நித்திரை சீராக அது உதவும். பெற்றோர் கூட்டத்தில் நித்திரையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம். அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக அரசு உதவியோடு நடக்கும் ஹெட் ஸ்டார்ட் முன்பள்ளிகளில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நித்திரையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தபோது, ஒரு மாதத்தில் பிள்ளைகளின் இரவு நித்திரை ஏறத்தாழ 30 நிமிடம் கூடியது. மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல்.

அந்த நிலையத்தில் இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு 40 பக்கக் கொப்பி இருக்கிறது. நிலையம் எழுதுவது: பகலில் படுத்த நேரம், எழும்பிய நேரம். வீடு எழுதுவது: இரவு படுத்த நேரம், காலை எழும்பிய நேரம். ஒரு நாளுக்கு ஒரு வரி. அந்தச் சிறுமியின் கொப்பியில் பகல் பக்கம் பெரும்பாலும் ஒரு கோடு மட்டும்தான், படுக்கவில்லை என்று. இரவுப் பக்கத்தில் பதினொன்று பத்தாகி, ஒரு கிழமை அங்கேயே நின்று, பிறகு எட்டே முக்கால், எட்டரை. கிளினிக்குக்கு வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பிள்ளை போகும் இடத்தில் இப்படி ஒன்று இல்லையென்றால், நாளைக்குப் பிள்ளையை ஏற்றப் போகும்போது கேளுங்கள்: "டீச்சர், இண்டைக்கு எத்தனை மணிக்கு எழும்பினான்?"