செர்வரை வேகமாக்கும் மென்பொருளும் 40 வினாடிக்கு ஒரு ‘டிக்’ சத்தமும்

செம்பனைக் குலை வாங்கி மில்லுக்கு அனுப்பும் ஓர் அலுவலகம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கடையிலிருந்து பத்து நிமிட தூரத்தில் இருக்கிறது. எடை மேடையில் லோரி ஏறி இறங்கினால் எடை நேராகக் கணினியில் பதிவாகும். மேசைக்கு அடியில் இருக்கும் செர்வரில்தான் எல்லாக் கணக்கும். அந்த செர்வரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று ஒருநாள் கூப்பிட்டார்கள். பழைய டிஸ்க்தானே, ஆயுசு முடிந்திருக்கும் என்று நினைத்தேன். புதியது ஒன்றை மாட்டி, பேக்கப் இமேஜை, அதாவது பழைய டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றின் முழுப் பிரதியை, அப்படியே ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐந்தே மாதத்தில் மறுபடியும் போன். “தம்பி, புது டிஸ்க்கும் அதே மாதிரி ஆயிடுச்சு. பில் திறக்கவே பத்து நிமிஷம் ஆகுது” என்றார் முதலாளி.

இந்தத் தடவை திருப்புளியைத் தொடாமல் பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து கேட்டேன். ‘டிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடியும் ‘டிக்’. கணக்குப் பார்க்கும் அக்காவிடம் கேட்டதற்கு, “அது எப்பவும் அப்படித்தான் தம்பி, ராத்திரி பகலா சத்தம் போடும்” என்றார். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் எண்களை, திறந்தேன். ‘சி1’ என்ற வரியில் ‘4சி4பி4’ என்றிருந்தது. அது பத்துக்குப் பதில் பதினாறை அடியாக வைத்து எழுதும் எண். நம் கணக்கில் 312,500.

ஹார்ட் டிஸ்க்கில் தகடு சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளியில் ஒரு தலை மிதந்தபடி எழுதும், படிக்கும். வேலை இல்லாதபோது தலையைத் தகட்டிலிருந்து எடுத்து ஓரத்துச் சரிவில் ஏற்றி நிறுத்திவிடுவது ஒரு பாதுகாப்பு, மின்சாரமும் மிச்சம். எத்தனை முறை அப்படி ஏறி இறங்கியது என்பதைத்தான் சி1 காட்டுகிறது. இந்த ரக டிஸ்க்குக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருந்த கணக்கு 300,000 தடவை. சாதாரணமாக ஓர் அலுவலகக் கணினிக்கு அது பல வருடம் தாங்கும். இங்கே ஐந்து மாதத்தில் தீர்ந்துவிட்டது. நாளுக்கு ஏறத்தாழ 2,080 தடவை, அதாவது 40 வினாடிக்கு ஒன்று. எண்ணைத் தாண்டிய நொடியே டிஸ்க் செத்துவிடும் என்றில்லை. ஆனால் இதில் படிக்க முடியாமல் நிற்கும் இடங்களும் வந்துவிட்டன. அவை ‘சி5’ வரியில் தெரிந்தன.

யார் இப்படித் தலையை ஏற்றி இறக்கியது? முதலாளியின் மகன் நல்ல எண்ணத்தோடு ‘செர்வர் ஆப்டிமைசர்’ ஒன்றை இன்ஸ்டால் செய்திருந்தார். அதில் மின்சாரம் மிச்சப்படுத்தும் பகுதியைத் தட்டினால், அது டிஸ்க்கின் ஏபிஎம் அளவை, அதாவது மின்சாரத்தை எவ்வளவு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று டிஸ்க்குக்குச் சொல்லும் அளவை, 1-க்குக் கொண்டுபோய்விடுகிறது. ஏபிஎம் 1-லிருந்து 254 வரை போகும். 1 என்றால் ஆக அதிக மிச்சம், 254 என்றால் முழு வேகம். 127 வரை உள்ள அளவுகளில் டிஸ்க் சுற்றுவதை நிறுத்தவே அனுமதி உண்டு. வீட்டு மடிக்கணினிக்குச் சரி. ஆனால் கணக்கு மென்பொருள் சும்மா இருக்கிற நேரத்திலும் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும். தலை ஏறும், உடனே இறங்கும், திரும்ப ஏறும். நான் முதல் தடவை இமேஜை அப்படியே ஏற்றியபோது அந்த மென்பொருளையும் சேர்த்தே புது டிஸ்க்குக்குக் கொண்டுவந்திருக்கிறேன். டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் செர்வரில் என்ன புதிதாக வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் அவர்களுக்கு இன்னொரு டிஸ்க்கின் காசு போனது.

அதே மென்பொருள் வேறு இரண்டு வேலைகளும் செய்திருந்தது. ஒன்று, தினமும் இரவில் முழு டீஃபிராக், அதாவது சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்த்து அடுக்கும் வேலை. வாரம் ஒருமுறை அதைச் செய்தாலே போதும், அதற்கு மேல் தேவையில்லை. சுற்றும் தகடே இல்லாத எஸ்எஸ்டியாக இருந்தால் டீஃபிராக் எழுதும் ஆயுளை வீணாகக் கரைக்கும். இன்னொன்று இதைவிட ஆபத்து. எழுதியதை உடனுக்குடன் டிஸ்க்கில் இறக்கச் சொல்லும் கட்டளையை, வேகம் என்ற பெயரில், நிறுத்தி வைத்திருந்தது. நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை பிடித்து கரண்ட் போவது புதிதில்லை. அந்த நேரத்தில் டிஸ்க்கில் இறங்காமல் நிற்கும் பில்லெல்லாம் போய்விடும், டேட்டாபேஸும் உடைந்துவிடும். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும், பழி மட்டும் அதன்மேல் விழும்.

ரெய்டு போட்ட, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும், செர்வரில் இன்னொரு வகை ஏமாற்று உண்டு. மென்பொருள் டிஸ்க்கைத் தூங்க வைக்கும். எழுந்து சுற்றத் தொடங்கப் பத்து, பதினைந்து வினாடி ஆகும். அதுவரை பொறுக்காமல், அந்த டிஸ்க்குகளைக் கவனிக்கும் கன்ட்ரோலர் ‘டிஸ்க் செத்துவிட்டது’ என்று சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். கழற்றிச் சோதித்தால் ஒரு குறையும் இருக்காது.

சரி, டிஸ்க் திணறத் தொடங்கினால் என்ன செய்வது? தயவுசெய்து அந்த ஆப்டிமைசரை இன்னொரு தடவை ஓட்டாதீர்கள், டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க்கும் வேண்டாம். நோயாளி டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்கச் சொன்னால் மிச்சமிருக்கிற உயிரும் போகும். முதலில் பிரதி. டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எங்கே நின்றது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். பழுது பார்ப்பதெல்லாம் அந்தப் பிரதியில்தான். டேட்டா போய்வரும் வழியில் வந்த பிழைகளை எண்ணும் ‘சி7’ மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் கோளாறு. சில வெள்ளியோடு முடிந்துவிடும்.

ஸ்மார்ட்டின் பிழை எண்கள் எல்லாம் பூஜ்யமாக இருப்பதால் நிம்மதியாக இருக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2007-இல் கூகுள் தன்னுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்டது. பழுதானவற்றில் 36 விழுக்காட்டுக்கும் மேல், வெப்பநிலையைத் தவிர வேறு எந்த ஸ்மார்ட் எண்ணிலும் அறிகுறி காட்டவே இல்லை. எனவே பேக்கப் கட்டாயம். ரெய்டு பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க்கில் அழிந்தது மற்றதிலும் அழிந்துவிடும். மலேசியாவில் வருமான வரிக் கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதை மேசைக்கு அடியில் ஒரே பெட்டியில் விட்டுவைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த அலுவலகத்தில் ஆப்டிமைசரை எடுத்துவிட்டு, ஏபிஎம்மை 254-க்கு மாற்றி, நிறுத்தியிருந்த கட்டளையைத் திரும்பப் போட்டு, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டியான யுபிஎஸ் ஒன்றும் வைத்தோம். புது டிஸ்க்கின் சி1 எண்ணை வெள்ளிக்கிழமைதோறும் எடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். அக்கா விடாமல் எழுதுகிறார். அப்புறம், அன்றைய பேக்கப் டிஸ்க்கைக் கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார். உங்கள் செர்வரும் ‘டிக்’ போட்டால் முறைப்படி அணைத்துவிட்டு என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுங்கள். கடைசியாக எந்த மென்பொருள் போட்டீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.